கடுமையான நோயாளி வீட்டில் இருக்கும்போது எது முதலில், எது பிறகு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்றிய புற்றுநோய், பெரிய பக்கவாதம், செயலிழந்த ஈரல் என்று டாக்டர் கையை முழுதாகவோ பாதியாகவோ விரித்த பிறகு, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என்ன மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டரின் வேலை. நேரத்தையும் பணத்தையும் எதற்குக் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரே நேரத்தில் ஆயிரம் வேலை வந்து விழுகிறது. எதிலிருந்து தொடங்குவது?

நோயாளியின் வலியிலிருந்து. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை இந்த ஐந்தும் அடங்காத வீட்டில் வேறு எந்த விஷயத்தையும் நிதானமாகப் பேச முடியாது. அடுத்தது, அவருக்கு நினைவும் கையெழுத்தும் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை. மூன்றாவது, ராத்திரி கண்விழிப்பவரின் தூக்கம். நான்காவது பணம். பணத்தை முதலில் வைக்கும் குடும்பமும் தடுமாறுகிறது, கடைசிவரை அதைப் பேசவே கூசும் குடும்பமும் தடுமாறுகிறது.

எந்த வேலை வந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதை ஆறு மாதம் கழித்துச் செய்ய முடியுமா? மொட்டைமாடி ஒழுகலை அடைப்பது, மனை பத்திரப்பதிவு, குழந்தைக்குக் காது குத்துவது எல்லாம் முடியும். அம்மாவிடம் உட்கார்ந்து பழைய பேச்சு பேசுவது முடியாது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. யார் முடிவெடுப்பது?

நோயாளிக்கு நினைவு இருந்தால் அவர்தான். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், நடைமுறையில் முதலில் விடுபட்டுப் போகிறவர் அவர்தான். அவரால் முடியாதபோது, டாக்டரிடம் பேச ஒரே ஒருவரை வையுங்கள். மூத்த மகன்தான் என்றில்லை. தினமும் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் அங்கே நிற்கக்கூடியவராகவும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லக்கூடியவராகவும் இருந்தால் போதும். மூன்று பேர் மூன்று நேரத்தில் மூன்று டாக்டர்களிடம் கேட்டால் மூன்று பதில் வரும், சண்டையும் கூடவே வரும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். பக்கத்துக்கு ஒரு நாள். இப்படி எழுதினால் போதும்: "காலை 6, வலி மாத்திரை. 7.30, அரை டம்ளர் கஞ்சி. 9, சிறுநீர் 200 மில்லி, மஞ்சள் அதிகம். 11, வலி 10-க்கு 6 என்றார். மலம் போய் 3 நாள்." டாக்டரிடம் "ரொம்பக் கஷ்டப்படுறார் சார்" என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும். ராத்திரி ஆள் மாறும்போது ஒரே மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிடும் விபத்தையும் இதுதான் தடுக்கும்.

"அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது" என்று அம்மா சொல்கிறார். சரியா?

அனேகமாக அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தன் உடம்பு எடை குறைவதையும், தான் வந்ததும் பேச்சு நிற்பதையும் அவர் பார்க்கிறார். குடும்பத்துக்காக அவர் நடிக்கிறார், அவருக்காகக் குடும்பம் நடிக்கிறது. இதில் வீணாவது, பேசுவதற்கு மிச்சமிருக்கும் சில வாரங்கள்.

உடைத்துச் சொல்லிவிடுங்கள் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். அவரையே கேளுங்கள். "டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கிறீங்களாப்பா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். கேட்காமலே பறித்துக்கொள்வதுதான் தப்பு.

ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். எதுவரை போவது?

இந்தப் பக்கத்தில் மிகக் கடினமான கேள்வி இது. பலர் "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று முதல் நாள் சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் நாள் சொல்லமுடியாத இடத்தில் வந்து நிற்கிறார்கள். முதல் நாளே டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இந்தச் சிகிச்சை வெற்றி பெற்றால் அவர் எந்த நிலைக்குத் திரும்புவார்: நடப்பாரா, பேசுவாரா, படுக்கையோடுதானா? பலிக்கிறதா இல்லையா என்பது எத்தனை நாளில் தெரியும்? பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

இரண்டாவது கேள்விக்கு "மூன்று முதல் ஐந்து நாள்" என்பதுபோல ஒரு பதில் கிடைத்தால் அதை நோட்டில் தேதியோடு குறித்து, அன்றைக்கு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். தேதி இல்லாமல் தொடங்கும் சிகிச்சையை நிறுத்தும் துணிவு யாருக்கும் வராது. வென்டிலேட்டர் இரண்டு வாரத்தை நெருங்கும்போது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பது பற்றிப் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் நடைபாதையில் நின்றபடி பதில் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தால், டாக்டர் பேச்சை மீறிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். அப்படிப் போனால் கையில் மருந்தும் இருக்காது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட நம்பரும் இருக்காது. காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். "பேலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) முறையில் டிஸ்சார்ஜ் வேண்டும், வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதை எழுத வையுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் வழியிலேயே போய்விடக்கூடும் என்பதையும் தெரிந்தே கிளம்ப வேண்டும்.

எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் கொடுத்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. லிவிங் வில் என்று சொல்லப்படும் இதில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுக்கப்போகிறவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். நிறைவேற்றும்போது மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவர் குழுவும் இரண்டாம் நிலை மருத்துவர் குழுவும் ஒப்ப வேண்டும். பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்து, சாவி யாரிடம் என்று தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நகல் போனிலும் நோயாளியின் ஃபைலிலும் இருக்கட்டும்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்கிறார்களே?

புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைக்காது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. ராத்திரித் தூக்கம் கெடாதபடி படுக்கப்போகும்போது என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள், அதற்கு வழி உண்டு. மலச்சிக்கல் கட்டாயம் வரும், எனவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே கூடவே போக வேண்டும். "மார்ஃபின் ஒத்துக்கலை" என்று நிறுத்துபவர்களில் நிறையப் பேர் உண்மையில் மலச்சிக்கலுக்காகத்தான் நிறுத்துகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தெருமுனை மருந்துக்கடையில் இது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே பேலியேட்டிவ் கேர் செவிலியர் வருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

பணத்துக்கு எல்லை போடலாமா? போட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் எப்படியும் ஏதாவது சொல்லும். எல்லை போடாத குடும்பம் கடைசியில் கந்துவட்டியில் போய் நிற்கிறது, அதன் சுமை பேரப்பிள்ளை படிப்பு வரைக்கும் நீள்கிறது.

எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளி சேர்ந்த பிறகு அட்டைக்கு அலைவதுதான் பலரும் படும் பாடு. அடுத்து வங்கி வைப்பு, அப்புறம் பி.எஃப். மருத்துவ முன்பணம், அதற்கும் பிறகு நகைக்கடன். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்து ஓட்டுவதைத் தொடவே வேண்டாம், மாதம் 3 சதவீதத்துக்கு மேல் என்றால் வருடத்துக்கு 36-ஐத் தாண்டும். குடியிருக்கும் வீட்டையும் கடைசிக் காணியையும் விற்பதற்கு முன், மேலே சொன்ன மூன்று கேள்விகளை டாக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

அண்ணன் தம்பி தங்கை எல்லாரும் பார்க்கும்படி ஒரே கணக்கு எழுதுங்கள். அதில் பணம் தந்தவர் பெயரோடு, ராத்திரி தங்கியவர் பெயரும் ஏறட்டும். துபாயிலிருந்து அனுப்பிய 50,000 தெரிகிறது, மருமகள் விழித்த நாற்பது ராத்திரி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தனியார் காப்பீடு இருந்தும் பாதிப் பணம்தான் வந்தது. ஏன்?

பெரும்பாலும் அறை வாடகை. 3 லட்சம் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம் என்று வரம்பு இருந்தால் நாளுக்கு 3,000. அப்பா வசதியாக இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் அறை எடுத்தால், அறைக்கு மட்டுமில்லாமல் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். அதில் 80,000 பில் வந்தால் 40,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகளுக்கு இந்த வெட்டு கிடையாது. அட்மிஷன் கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என் பாலிசிக்கு எந்த அறை?" என்பதுதான். டிஸ்சார்ஜ் அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. தாமதமானால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

படுத்திருப்பவரிடம் பத்திரம், நாமினி என்று எப்படிப் பேசுவது?

சங்கடம்தான். ஆனால் இது சொத்துப் பேச்சு மட்டுமில்லை, அடுத்த மாதம் அம்மா எந்தக் கணக்கிலிருந்து பால் பாக்கி கொடுப்பார் என்ற பேச்சு. அப்படியே ஆரம்பியுங்கள்.

வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க: எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செத்துப்போகும். அதற்குப் பிறகு ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது, மகனே எடுத்தாலும், தவறு.

உயிலுக்கு முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது, ஒருவர் டாக்டராக இருந்தால் நினைவு தெளிவாக இருந்தது என்பதற்கும் சாட்சியாகிறது. பதிவு செய்ய விரும்பினால், கட்டணம் கட்டி மனு கொடுத்து, சார்பதிவாளரை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வரவழைக்கலாம்.

கை நடுங்கிக் கையெழுத்துப் போடமுடியாதவர் கணக்கிலிருந்தும் பணம் எடுக்க வழி இருக்கிறது. கைரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. இரண்டு சாட்சிகளில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் முடியாது என்று சொன்னால் மேனேஜரைக் கேளுங்கள்.

இன்னொன்று, சின்னது. அவருடைய செல்போன் சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். மூன்று மாதம் உபயோகிக்காமல் கிடந்தால் எண் போய்விடும், ஆதார், வங்கி, கேஸ் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். லீவு ஒரு தடவைதான் கிடைக்கும். எப்போது வருவது?

இப்போதே. அவர் உங்களை அடையாளம் கண்டு பேசும்போது. பலர் "கடைசி நேரத்துக்கு" என்று லீவைப் பத்திரப்படுத்தி, ஃப்ரீசர் பெட்டிக்குள் இருக்கும் முகத்தைப் பார்க்க வருகிறார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் உயிரோடு பார்ப்பதைத் தேர்ந்தெடுங்கள், கொள்ளி வைக்க ஊரில் ஆள் இருக்கும்.

உள்ளூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நோய் தெரிந்த முதல் பதினைந்து நாளிலேயே எல்லா லீவையும் கரைத்துவிடாதீர்கள். கடைசி நாட்களுக்குப் பத்து நாளாவது ஒதுக்கி, பதினாறாம் நாள் காரியத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் அரைநாள் லீவுகளும் சனி ஞாயிறும் போதும்.

பிள்ளைக்கு பிளஸ் டூ பரீட்சை. தாத்தா முடியாமல் கிடக்கிறார்.

பரீட்சை எழுதட்டும். உண்மையைச் சொல்லுங்கள், மறைத்து வைத்து ஹாலுக்குப் போகும் வழியில் வேறு யாராவது சொல்வது மோசம். தினம் இருபது நிமிடம் தாத்தாவோடு, ஒரே ஒரு வேலையோடு: பேப்பர் படித்துக் காட்டுவது, கால் பிடித்துவிடுவது. மற்ற நேரம் புத்தகம். தேவைப்பட்டால் அந்த மூன்று வாரம் அத்தை வீட்டில் இருக்கட்டும்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தள்ளிவைப்பதா, முன்னால் வைப்பதா?

அவர் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் முன்னால் வையுங்கள். மண்டபமும் ஆயிரம் பேர் சாப்பாடும்தான் தாமதிக்கிறது, கல்யாணம் தாமதிப்பதில்லை. தமிழ்நாட்டில் 1968 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத் திருத்தத்தின்படி, இந்து மணமக்கள் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ திருமணம் செய்யலாம். புரோகிதர் கட்டாயமில்லை, படுக்கைக்குப் பக்கத்திலேயே நடக்கலாம். பதிவை மறக்க வேண்டாம். வரவேற்பைப் பிறகு எந்த மாதத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க வருகிறவர்கள் கூட்டம் தாங்கவில்லை.

மாலை 5 முதல் 6. ஒரு தடவைக்கு இரண்டு பேர், பத்து நிமிடம். கீமோ நடந்து வெள்ளணு குறைந்திருக்கும் வாரத்தில் வாசலோடு சரி. ராத்திரி 8 மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தகவல் போட்டுவிட்டால் நாற்பது போன் மிச்சம். முள்ளு சீத்தா இலையும் கேரளத்து வைத்தியரும் கட்டாயம் வருவார்கள். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்" என்பது எல்லாருக்கும் பொருந்தும் பதில். ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்கிவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு என்ன ஏற்பாடு?

மூன்று ராத்திரியில் ஒன்றாவது கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். இதை ஆசை என்று நினைக்காதீர்கள். தூக்கம் கெட்டவர் மருந்தை மாற்றிக் கொடுப்பார், படியில் விழுவார். அவருடைய சுகர், பி.பி. மாத்திரையும் நோயாளியின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, தனி டப்பாவில் இருக்கட்டும்.

படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். தனியாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். நாலாக மடித்த பழைய பருத்திப் புடவையைத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லி நகர்த்துங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் விழாது. கெண்டைக்கால் அடியில் மடித்த துண்டு வைத்தால் குதிகால் மெத்தையைத் தொடாது. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் கூடாது. பூஜையை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சாப்பிட மறுக்கிறார். பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று இருக்கிறது.

கடைசி வாரங்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, போகிற நேரம் நெருங்கியதால் சாப்பிடவில்லை. வாயில் திணிக்கும் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். கேட்டால் இரண்டு ஸ்பூன் இளநீர், ஒரு ஸ்பூன் ரசம், அவருக்குப் பிடித்த காபி. கேட்காவிட்டால் சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி உதடு, ஈறு, நாக்கு என்று மெல்லத் துடைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செய்யலாம். பேரன்கூடச் செய்யலாம்.

மூக்குக்குழாய் இருந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தி, கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கேட்பவருக்குத்தான் அது கொடுமை, அவருக்கு அனேகமாகத் தெரியாது.

இந்த நேரத்தில் சிரிக்கலாமா, சினிமாவுக்குப் போகலாமா?

போகலாம். போனை வைப்ரேட்டில் வையுங்கள்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தால் முதலில் என்ன செய்வது?

எதற்கும் ஓட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டால் மறுபடியும் நெஞ்சை அமுக்கிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால், பார்த்துவந்த டாக்டரைக் கூப்பிட்டு இறப்புக்கான காரணச் சான்று வாங்குங்கள். இது யார் தருவார் என்பதை ஒரு வாரம் முன்பே கேட்டுவைக்க வேண்டும், நள்ளிரவில் தேடினால் கிடைக்காது. இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. வாரிசுச் சான்று அதற்கும் பிறகு, இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம்.

கண் தானம் செய்வதென்றால் 6 மணி நேரத்துக்குள். ரத்தப் புற்றுநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள், மற்றபடி வயதோ கண்ணாடியோ கண்புரை ஆபரேஷனோ தடையில்லை. கண் வங்கி ஆள் வரும்வரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வையுங்கள். காய்ந்தால் மறுபடி நனைத்து வைக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.